கிழிய வேண்டிய தையல்

சின்னப் பாய்ப்படகு ஓட்டக் கற்றுக்கொடுக்கும் சங்கம் ஒன்று எங்கள் கடற்கரைப் பக்கம் தொடங்கி இரண்டு வருடம் ஆகிறது. படகுகள் பைபர். பாய் ஏதோ வெளிநாட்டுத் துணி, தொட்டால் பிளாஸ்டிக் பை மாதிரிச் சலசலக்கிறது. ஞாயிற்றுக்கிழமை காலையில் காரில் வந்து இறங்குகிறார்கள். ஆரஞ்சு நிறத்தில் மிதக்கும் சட்டை மாட்டிக்கொண்டு காற்றைத் தேடிப் போகிறார்கள். காற்றிடம் மாட்டாமல் கரை சேர்வதற்கே ஆயுளைச் செலவழித்தவர்கள் எங்கள் ஊர் ஆட்கள். அவர்கள் மணலில் உட்கார்ந்து இதை வேடிக்கை பார்க்கிறார்கள்.

அந்தச் சங்கத்தின் செயலாளர் போன மாதம் என் வீட்டுக்கு வந்தார். வங்கியில் அதிகாரியாக இருந்து ஓய்வு பெற்றவர். ஆண்டு மலருக்கு ஒரு கட்டுரை வேண்டும் என்றார். முப்பது வருடத்துக்கு மேல் மீன்பிடி வள்ளங்களுக்குப் பாய் தைத்த ஆள் மாவட்டத்தில் நான் ஒருவன்தான் மிச்சமாம்.

"ஊர்ல விசாரிச்சேன் சார். பாதிப் பேரு ஒங்கள மாதிரி டெய்லர் கெடையாதுங்கியாவ. பாதிப் பேரு ஒங்க பேரச் சொன்னாலே காறித் துப்புகாவ" என்றார்.

இரண்டு கூட்டமும் சொல்வது உண்மைதான் என்றேன். அதையே எழுதுங்கள், ஆனால் உறுப்பினர்களுக்கு ஊக்கமூட்டும்படி எழுதுங்கள் என்று சொல்லிவிட்டு, கொண்டுவந்த ஆப்பிளை வைத்துவிட்டுப் போனார். ஆப்பிள் தின்றாகிவிட்டது. இனி எழுதாமல் இருப்பது மரியாதை இல்லை.

நான் இராஜாக்கமங்கலத்துக்காரன். அப்பாவுக்கு வயல். பத்தாம் வகுப்பு அரசுத் தேர்வை நான் இரண்டு முறை எழுதினேன். மூன்றாம் முறை எழுதி அரசாங்கத்துக்குத் தொந்தரவு கொடுக்க வேண்டாம் என்று அப்பா என்னைக் காதர் முதலாளியின் தையல்கடையில் கொண்டுபோய் விட்டார். முதலாளிக்குச் சொந்த ஊர் கோட்டாறு. கடை எங்கள் ஊரிலிருந்து மீன்பிடித் துறைக்குப் போகும் சாலையில் இருந்தது. சட்டை தைக்கும் கடை என்று நினைத்துத்தான் அப்பா விட்டார். அங்கே சட்டை தைப்பது கிறிஸ்துமசுக்கும் பெருநாளுக்கும் மட்டும்தான். மற்ற நாளெல்லாம் வள்ளத்துக்குப் பாய்.

முதல் வருடம் நூலுக்கு மெழுகு பூசினேன். இரண்டாம் வருடம் ஓரத்தில் கயிறு வைத்துத் தைத்தேன். மூன்றாம் வருடம் கத்தரியைத் தொட விட்டார்கள். என் படிப்பு அவ்வளவுதான்.

நான் தைத்த பாய் எப்படிப்பட்ட படகுக்கு என்று சங்கத்துக்காரர்களுக்குச் சொல்ல வேண்டும். எங்கள் பக்கத்துச் சின்ன வள்ளம் இரண்டு பேருக்கானது. மேல்தளம் கிடையாது. ஆள் காலை நீட்டி உட்கார்ந்தால் முட்டுகிற அகலம். நடுவில் ஒரு குறுக்குப் பலகை, அதில் ஓட்டை போட்டுப் பாய்மரம் நடுவார்கள். மரம் குட்டையாக இருக்கும். அதன் உச்சியில் நீளமான மூங்கில் ஒன்றைச் சாய்த்துக் கட்டி, மூங்கிலிலிருந்து மூன்று மூலைப் பாய் தொங்கும். மேல் இரண்டு மூலையும் மூங்கிலில். கீழ்மூலையில் ஒரு கயிறு. இந்தக் கயிற்றை இழுத்தால் பாய் காற்றைப் பிடிக்கும், விட்டால் பாய் கொடி மாதிரி அடித்துக்கொண்டு காற்றை விட்டுவிடும். திருப்புவதற்குத் தனியாகச் சுக்கான் கிடையாது. பின்னால் இருப்பவர் துடுப்பைத் தண்ணீரில் சாய்த்துப் பிடித்துத் திருப்புவார். சுக்கான் பொருத்தினால் கரையில் அலையோடு ஏறும்போது மணலில் குத்தி உடைந்துபோகும்.

பாய்க்குத் துணி காடா. ஐந்து பட்டி, சில வள்ளத்துக்கு ஆறு. பட்டிகளை நெடுக்காக வைத்து ஒன்றோடொன்று மடித்துச் சேர்க்க வேண்டும். அளவு மாரிலும் முழத்திலும் வரும். வாடிக்கைக்காரர் இரண்டு கையையும் விரித்துக் காட்டினால் ஒரு மார். கை நீளமான ஆளுக்குப் பாயும் பெரிதாக வரும் என்பதால் முதலாளி நாடாவைக் காட்டாமல், தன் கையை விரித்து அவர் கையோடு ஒட்டிவைத்துப் பார்ப்பார். முதல் பாயை நான் இஸ்திரி போட்ட சட்டை மாதிரித் தட்டையாக வெட்டினேன். முதலாளி தூக்கிப் பார்த்தார்.

"லேய் பொன்னு, இதப் போட்டுக்கிட்டு எவன்லேய் கல்யாணத்துக்குப் போறான்?"

பாய்க்கு வயிறு வேண்டும். ஓரங்களைக் கொஞ்சம் வளைத்து வெட்டினால்தான் காற்று நிறையும்போது வயிறு விழும். தட்டையான பாய் காற்றைச் சறுக்கிவிடும், வள்ளம் இருந்த இடத்திலேயே நிற்கும். இவ்வளவையும் முதலாளி எனக்குச் சொல்லவில்லை. அவர் எதையும் சொல்லமாட்டார். பிரித்துப் போட்டுவிட்டு வெற்றிலையை மடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். நான் நாலு தடவை தப்பாகத் தைத்தபிறகு ஐந்தாவது தடவை, "ம்" என்பார். அந்த "ம்"முக்காக மனிதன் எவ்வளவு காலம் காத்திருக்க முடியும் என்பதை அந்தக் கடையில்தான் தெரிந்துகொண்டேன்.

ஓரத் தையலுக்கு இரட்டை நூல். மூலைகளுக்கு மூன்றடுக்குத் துணி, நாலு சுற்றுத் தையல். ஆனால் நடுப்பட்டியை அடுத்த பட்டியோடு சேர்க்கும் ஒரே ஒரு தையலுக்கு மட்டும் முதலாளி ஒற்றைப் பருத்தி நூல்தான் கொடுப்பார். தையலும் அகல அகலமாக விழ வேண்டும். நெருக்கித் தைத்தால் கட்டைவிரல் நகத்தை நுழைத்துப் பார்ப்பார். நகம் நுழையாவிட்டால் பிரிக்கச் சொல்வார்.

ஏன் என்று ஒருநாள் கேட்டேன்.

"நூல் ஒனக்க அப்பன் வாங்கித் தருவானா?" என்றார்.

கடையில் நாங்கள் மூன்று பேர். முதலாளியின் கஞ்சத்தனத்துக்கு எல்லையே இல்லை என்று மூன்று பேரும் முடிவு கட்டினோம். வாடிக்கைக்காரர்களும் அதையே முடிவு கட்டியிருந்தார்கள். ஏனென்றால் காற்று பலமாக அடிக்கும் பருவத்தில், நடுத்தையல் பிரிந்து இரண்டாகக் கிழிந்த பாயைத் தோளில் போட்டுக்கொண்டு வாரத்துக்கு ஓர் ஆளாவது வருவார். கடை வாசலில் நின்று முதலாளியின் பரம்பரையையே இழுத்து ஏசுவார். முதலாளி வெற்றிலையை மென்றுகொண்டு கேட்டிருப்பார். ஏசி முடித்ததும், "லேய் பொன்னு, அதத் தைச்சிக் குடு" என்பார். மறுபடியும் அதே ஒற்றை நூல்.

ஏசுகிறவர்களில் முதலிடம் சூசைக்கு. துறையில் சின்ன வள்ளம் வைத்திருந்தார். என்னைவிட ஆறேழு வயது மூத்தவர். நன்றாக ஏசுவார், நன்றாகச் சிரிப்பார். அவருடைய தங்கை லூர்தம்மாளின் புருஷன் அந்தோணிதான் வள்ளத்தில் அவருக்குக் கூட்டாள். அளியனும் அளியனுமாக, மச்சானும் மச்சினனுமாக, பதினைந்து வருடம் ஒரே வள்ளத்தில் போனவர்கள். அந்தோணி ஏசமாட்டார். சூசை ஏசும்போது பின்னால் நின்று தலையாட்டுவார்.

ஒருமுறை சூசை என்னைக் கடலுக்குக் கூட்டிக்கொண்டு போனார். "தைக்கியவன் ஒரு தடவயாவது பாக்கணும்லா" என்றார். கரைக்காற்றில் காலையில் போய் மதியத்துக்குமேல் கடல்காற்றில் திரும்புவது வழக்கம். நான் போகும்போதும் வாந்தி எடுத்தேன், வரும்போதும் எடுத்தேன். நடுவில் கொஞ்ச நேரம் கண்ணைத் திறந்திருந்தேன். அப்போது பார்த்தது ஒன்று: அந்தோணி வள்ளத்தில் ஏறிய தண்ணீரைக் கோரி ஊற்றிக்கொண்டிருந்தார், சூசையின் இரண்டு கையும் துடுப்பில். பாயின் கீழ்மூலைக் கயிறு யார் கையிலும் இல்லை. குறுக்குப் பலகையில் ஒரு சுற்றுச் சுற்றி முடிச்சுப் போட்டிருந்தார்கள்.

"கையிலல்லா புடிக்கணும்? காத்து சட்டுன்னு அடிச்சா?" என்று கேட்டேன்.

"அடிச்சா பாய் கிழியும். நீங்க தைக்கிய லச்சணம் அப்படி" என்று சொல்லிச் சூசை சிரித்தார். அந்தோணியும் தலையாட்டினார். நான் மறுபடி வாந்தி எடுத்தேன்.

அந்தப் பதிலை நான் கேலியாகத்தான் எடுத்துக்கொண்டேன். கடையில் வந்து சொல்லி எல்லோரும் சிரித்தோம்.

சில வருடத்தில் முதலாளிக்குக் கண் மங்கியது. மகன் சவுதியில் இருந்தான். கடையை என்னிடம் விட்டுவிட்டுக் கோட்டாற்றுக்கே போய்விட்டார். போகும்போது புத்திமதி எதுவும் சொல்லவில்லை, கத்தரிக்கோலை மட்டும் எடுத்துக்கொண்டு போனார். நான் முதலாளி ஆனேன். ஆன அன்றே முடிவெடுத்தேன், இனி இந்தக் கடையில் கஞ்சத்தனம் கிடையாது என்று. வாழ்க்கையில் நான் எடுத்த முடிவுகளிலேயே யோக்கியமான முடிவு அது. அதனால்தான் அவ்வளவு பெரிய கேடு வந்தது.

முதலில் வந்தவர் சூசை. வழக்கம்போல் கிழிந்த பாய்.

"டெய்லரே, பெரிய முதலாளி போயாச்சு. இனியாவது மனுசன் தைக்கிய மாதிரித் தைப்பீரா? இந்தத் தடவ கிழிஞ்சா ஒம்ம கடைக்க முன்னால வந்து கெடப்பேன்."

"இந்தப் பாய் கிழிஞ்சா நான் கத்தரியத் தொடமாட்டேன்" என்றேன்.

பழையதைத் தைக்கவில்லை. புதுப்பாயே தைத்துக் கொடுத்தேன். வலை நெய்யும் நைலான் நூலை வாங்கி, நடுத்தையலில் நெருக்கமாக இரண்டு வரிசை ஓட்டினேன். நகம் நுழையாது, குண்டூசி நுழையாது. உப்புத் தண்ணீரில் துணி இற்றுப்போகாமலிருக்கப் பனிச்சங்காயை இடித்த சாற்றில் முக்கிக் காயவைத்தபோது பாய் கருஞ்சிவப்பாக மின்னியது. அந்தோணி வந்து இரண்டு பக்கமும் பிடித்து இழுத்துப் பார்த்தார். எப்போதும் பேசாத மனிதர், "கொள்ளாம்" என்றார். அந்த ஒரு சொல்லுக்காக அன்று ராத்திரி நான் இரண்டு தோசை கூடுதலாகச் சாப்பிட்டேன்.

இதை எழுதும் இன்று சூசை உயிரோடு இல்லை. லூர்தம்மாளும் போய்விட்டாள். அவர்கள் இருக்கும்வரை இனி வரப்போவதை முதலாளியையும் சூசையையும் தவிர நான் யாரிடமும் சொன்னதில்லை.

பாய் கொடுத்து மூன்றாவது வாரம், மதியத்துக்குமேல், ஆரல்வாய்மொழிக் கணவாய்ப் பக்கமிருந்து கரைக்குக் குறுக்கே திடீர்க் காற்று இறங்கியது. கடையின் தகரம் தூக்கி அடித்தது எனக்கு நினைவிருக்கிறது. சாயங்காலம் துறையிலிருந்து செய்தி வந்தது. சூசையின் வள்ளம் கவிழ்ந்துவிட்டது. சூசையை வேறு வள்ளத்துக்காரர்கள் தூக்கிவிட்டார்கள். அந்தோணி மறுநாள்தான் கிடைத்தார்.

அடக்கம் முடிந்து நான் அவர்கள் வீட்டுக்குப் போனேன். முற்றத்தில் ஊர் ஆட்கள் இருந்தார்கள். லூர்தம்மாள் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். அவள் மகன் செல்வத்துக்கு அப்போது பத்து வயது, உள்ளே தூங்கிக்கொண்டிருந்தான். சூசை தரையைப் பார்த்துக்கொண்டு, யாரும் கேட்காமலே, அதையே திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருந்தார்.

"அவன் தண்ணி கோரிட்டு இருந்தான். எனக்க ரெண்டு கையும் துடுப்புல. கயிறு பலகையில கெட்டியிருந்து. காத்து வந்ததும் பாய் கிழியும்னு நெனச்சேன். எப்பவும் கிழியும்லா. கிழியும், கிழியும்னு பாத்துட்டே இருந்தேன். கிழியல்ல. வள்ளம் அப்படியே சாஞ்சிட்டு. அவன் பாய்க்க அடியில மாட்டிட்டான்."

"நீ கயிற விடல்ல" என்றாள் லூர்தம்மாள். சத்தம் போடவில்லை. "பாயக் குத்தம் சொல்லாதண்ணா. நீ கயிற விடல்ல."

அன்றோடு அவள் அண்ணனிடம் பேச்சை நிறுத்தினாள். அடுத்தடுத்த வீடு, ஒரே கிணறு. ஆனால் அவள் பேசவில்லை. முற்றத்தில் இருந்தவர்கள் எல்லோரும் சூசை சாக்குச் சொல்கிறார் என்றே நினைத்தார்கள். பாய் கிழியாததால் ஆள் செத்தான் என்று யாராவது சொன்னால் வேறு எப்படி நினைப்பார்கள்? அவர் சொன்னது புரிந்தது அந்த முற்றத்தில் எனக்கு ஒருவனுக்குத்தான். வருடக்கணக்காக அந்தக் கடற்கரை முழுவதும் எங்கள் நடுத்தையலை ஏசிக்கொண்டே அதை நம்பியிருந்தது. கிழியும் என்ற தைரியத்தில்தான் கயிற்றைக் கட்டினார்கள். கிழிந்த பாயோடு துடுப்புப் போட்டு வீட்டுக்கு வந்து, சோறு தின்றுவிட்டு, எங்களை ஏச வந்தார்கள். நான் நைலான் நூல் போட்டேன். யாரிடமும் சொல்லவுமில்லை, கேட்கவுமில்லை.

எனக்கு அங்கே வாய் வரவில்லை. பயம்தான், வேறு காரணம் சொன்னால் பொய்.

மறுநாள் கோட்டாற்றுக்கு பஸ் ஏறினேன். முதலாளி கட்டிலில் படுத்திருந்தார். நடந்ததைச் சொன்னேன். நடுத்தையல் கிழிவதற்கென்றே வைத்ததா, அது உங்களுக்குத் தெரியுமா, தெரிந்தால் ஏன் ஒரு வார்த்தை சொல்லவில்லை என்று கேட்டேன். கேட்கும்போது அழுதுவிட்டேன்.

முதலாளி தலையணைக்கடியில் வெற்றிலைப் பொட்டலத்தைத் தடவி எடுத்தார்.

"எனக்க வாப்பா அப்படித் தைச்சாவ. நானும் தைச்சேன். நூலு மிச்சம்லா" என்றார்.

"அவ்வளவுதானா முதலாளி?"

"நான் கஞ்சன்தாம்லேய். ஊருக்கே தெரியுமே" என்று சொல்லிவிட்டுச் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்தார்.

தெரிந்து மறைத்தாரா, தெரியாமலே இத்தனை பேரைக் காப்பாற்றினாரா என்று எனக்கு இன்றுவரை தெரியாது. ஒரு வருடத்தில் அவரும் மௌத்தாகிவிட்டார்.

முப்பதாம் நாள் பூசை முடிந்த பிறகு சூசையைத் தேடிப் போனேன். கடற்கரையில் தனியாக வலை கட்டிக்கொண்டிருந்தார். எதிரில் உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னேன். ஒற்றை நூல், நைலான் நூல், நகம், குண்டூசி, முதலாளி, எல்லாம். கடைசியில், "குத்தம் எனக்கது. நான் லூர்தம்மாட்டயும் வந்து சொல்லியேன்" என்றேன்.

அவர் வலையிலிருந்து கையை எடுக்கவில்லை.

"நூலு ஒம்மது. கயிறு கெட்டுனது எனக்க கை. அத ஒமக்குத் தர முடியாது டெய்லரே."

"அவ ஒம்மட்டப் பேசாம இருக்கா."

"ஏசாம இருக்கா. அதாக்கும் எனக்கு நோவு" என்றார். "நீரு போய்ச் சொன்னா என்ன ஆவும்? ஒம்ம கடைய ஒடைப்பானுவ. பொறவு இந்தத் துறைக்கு எவன் தைப்பான்? தெரிஞ்சி தைக்கியவன் இப்ப நீரு ஒருத்தன்தான். அளியன் செத்துல்லா அது ஒமக்குத் தெரிஞ்சிருக்கு. அத வீணாக்கவா?"

பிறகு முதல்முறையாக என் முகத்தைப் பார்த்தார்.

"எனக்க பாயப் பிரிச்சி ஒத்த நூல்ல தையும். மத்தவனுக்கும் அப்படியே தையும். கிழிஞ்சா நான் வந்து ஏசுவேன். கேட்டுக்கிடும்."

நான் சரி என்றேன். செய்து பார்த்தபோதுதான் அது எவ்வளவு கஷ்டமான வேலை என்று தெரிந்தது. ஏனென்றால், அந்தப் பாய் நாலு ஊருக்குப் புகழ் பெற்றுவிட்டது. வள்ளம் கவிழ்ந்து, ஒருநாள் முழுக்கக் கடலில் கிடந்து, கரை ஒதுங்கிய பிறகும் ஒரு தையல்கூட விடவில்லை. முட்டத்திலிருந்தும் குளச்சலிலிருந்தும் ஆட்கள் வந்தார்கள். "அந்தோணிக்குத் தைச்சதுபோல எனக்கும் ஒண்ணு வேணும்" என்று கேட்டார்கள். கொஞ்சமும் கூசாமல் கேட்டார்கள். எந்த விளம்பரத்துக்கும் இல்லாத மகிமை ஒரு சாவுக்கு வந்தது.

ஒற்றை நூலில்தான் தைப்பேன் என்று சொன்னால் அடுத்த கடைக்குப் போவார்கள், அங்கே இரட்டை நைலான் கிடைக்கும். அதனால் நான் ஏமாற்றினேன். நடுத்தையலில் இரண்டு வரிசை கண்ணுக்குத் தெரிய வேண்டும், ஆனால் ஒன்றுதான் பிடிக்க வேண்டும். முதல் வரிசை ஒற்றைப் பருத்தி நூலில் இரண்டு துணியையும் சேர்த்து ஓடும். இரண்டாவது வரிசையை நல்ல தடித்த நைலானில், மேல் மடிப்பை மட்டும் பிடித்து, அடித்துணியைத் தொடாமல் ஓட்டுவேன். பார்க்க இரும்பு. பலமாகக் காற்று அடித்தால் பருத்தி விட்டுவிடும், நைலான் ஒரு பக்கத்து மடிப்பில் அழகாக உட்கார்ந்திருக்கும். முப்பது வருடத் தொழிலில் நான் மிகுந்த கைநேர்த்தியோடு செய்த வேலை அந்தப் போலித் தையல்தான். நாணயமான டெய்லர் என்று யாராவது மலரில் போட நினைத்தால், இந்தப் பத்தியை இன்னொரு முறை படிக்கவும்.

கிழிந்தது. ஆட்கள் வந்தார்கள். ஏசினார்கள். இரட்டை நூல் என்று சொல்லி ஏமாற்றிய கள்ளன் என்றார்கள். அது முழுக்க உண்மை என்பதால் நான் தலை குனிந்து கேட்டேன். பருவத்துக்கு ஒருமுறை சூசையும் வருவார். கடையில் ஆள் நிறைய இருக்கும் நேரம் பார்த்து வந்து, எல்லோரையும்விடச் சத்தமாக ஏசுவார். ஏசிவிட்டு, கிழிந்த பாயை என் மடியில் போடும்போது தோளை லேசாக ஒரு அமுக்கு அமுக்குவார். என் பெயர் கெட்டது. வாடிக்கை குறைந்தது. பந்தல் துணியும் லாரித் தார்ப்பாயும் தைத்துக் குடும்பத்தை ஓட்டினேன்.

வள்ளங்களுக்கு எஞ்சின் வந்தது. வந்தபோது துறையில் எல்லோரையும்விட அதிகம் சந்தோஷப்பட்டவன் நானாகத்தான் இருப்பேன். ஆனாலும் மண்ணெண்ணெய் கிடைக்காத நாளில் பாய்தான் போகும். சூசையிடம் எஞ்சினே இல்லை. அந்தோணியின் மகன் செல்வத்துக்குப் பத்தொன்பது வயதானபோது அவனும் கடலுக்குப் போகிறேன் என்று நின்றான். லூர்தம்மாள் அவனை வேறு வள்ளத்தில் ஏற்றிவிட நாலைந்து இடத்தில் கேட்டாள். யாருக்கும் ஆள் தேவைப்படவில்லை. அவன் மாமன் வள்ளத்தில்தான் ஏறினான். அவள் மகனுக்குச் சோறு கட்டிக்கொடுப்பாள். தூக்குச்சட்டியில் இரண்டு பேருக்குள்ள சோறு இருக்கும், ஆனால் அண்ணனைப் பார்த்து ஒரு வார்த்தை கிடையாது.

அந்தோணி செத்து ஒன்பது வருடம் அப்படிப் போனது.

அந்த ஆடி மாதம் ஒரு மதியம், தகரம் மறுபடி தூக்கி அடித்தது. அதே பக்கத்துக் காற்று. தைத்துக்கொண்டிருந்த தார்ப்பாயைப் போட்டுவிட்டு சைக்கிளை எடுத்தேன். துறைக்குப் போய்ச் சேர்வதற்குள் எனக்குத் தெரிந்த சாமி எல்லோரையும் கூப்பிட்டாயிற்று, மண்டைக்காட்டு அம்மனையும் சூசையின் மாதாவையும் ஒரே மூச்சில் கூப்பிட்டேன்.

கடற்கரையில் பெண்கள் நின்றார்கள். லூர்தம்மாள் தண்ணீருக்குள் முழங்கால் வரை இறங்கி நின்றாள். அவள் என்னைப் பார்க்கவில்லை. மூன்று வள்ளம் இன்னும் வரவில்லை என்றார்கள். அன்று காலையில் சூசை கயிற்றைக் கட்டியிருப்பாரா, செல்வத்தின் கையில் கொடுத்திருப்பாரா என்று நான் நினைத்துக்கொண்டிருந்தேன். போன மாதம் அந்தப் பாயின் நடுத்தையலைத் தைத்தபோது தையல் கொஞ்சம் நெருக்கமாக விழுந்துவிட்டதோ என்றும் நினைத்தேன். நகத்தை நுழைத்துப் பார்த்தேனா என்று எவ்வளவு யோசித்தும் ஞாபகம் வரவில்லை. என் வாழ்க்கையில் அந்த அரைமணி நேரம் போல இன்னொன்று கிடையாது.

முதல் வள்ளம் வந்தது. பாய் கிழிந்திருந்தது, துடுப்புப் போட்டு வந்தார்கள். இரண்டாவதும் அப்படித்தான். இரண்டும் நான் தைத்தவை. ஆட்கள் இறங்கும்போதே என்னைப் பார்த்துவிட்டார்கள், ஏசுவதற்கு மூச்சு இல்லாததால் கையை மட்டும் நீட்டினார்கள்.

மூன்றாவது வெகுநேரம் கழித்துத் தெரிந்தது. மூங்கிலில் பாய் மேலிருந்து கீழ்வரை இரண்டாகப் பிரிந்து, இரண்டு துண்டும் தனித்தனியாக அடித்துக்கொண்டிருந்தன. கீழே இரண்டு தலை. லூர்தம்மாள் விரலை நீட்டி ஒன்று, இரண்டு என்று வாய்விட்டு எண்ணினாள். இரண்டே பேரை அவள் மூன்று நாலு தடவை எண்ணினாள்.

வள்ளம் அலையோடு மணலில் ஏறியது. செல்வம் குதித்தான். உள்ளங்கை இரண்டும் துடுப்புப் போட்டுப் பொத்து இரத்தம் கசிந்தது. அவள் அந்தக் கையைப் பிடித்துப் பார்த்தாள். பிறகு கிழிந்த பாயைப் பார்த்தாள். பிறகு திரும்பி, கூட்டத்தில் என்னைக் கண்டுபிடித்தாள்.

"ஒமக்கு வெக்கம் இல்லியா டெய்லரே? இதா தையலு? எனக்க மவனுக்க கையப் பாத்தீரா? நடுக்கடல்ல இப்படிக் கிழிஞ்சா மனுசன் எப்படி வருவான்? நீரு சோறுதான் தின்னுகீரா?"

எனக்குக் கண் மறைத்தது. நான் அழுவதைப் பார்த்ததும் அவளுக்கு இன்னும் கோபம் வந்தது. ஊரே பார்க்க இன்னும் கொஞ்சம் ஏசினாள். ஏசிய வேகத்திலேயே, வள்ளத்தைப் பிடித்துக்கொண்டு நின்ற சூசையின் பக்கம் திரும்பினாள்.

"அண்ணா, இனி இந்த ஆளுட்ட பாய் தைக்கக் கூடாது. கேட்டியா?"

சூசை வள்ளத்திலிருந்து கையை எடுத்தார். எங்கே வைப்பது என்று தெரியாமல் மறுபடி அதன்மேலேயே வைத்தார்.

"கேட்டேன் பிள்ளே" என்றார்.

"எத்தன வருசமா இவன்ட்ட ஏமாறிய? ஒனக்குப் புத்தி வேண்டாமா?"

"வேணும் பிள்ளே."

செல்வம் மூங்கிலிலிருந்து பாயை அவிழ்த்து என் காலடியில் கொண்டுவந்து போட்டான். ஒரு நல்ல வாடிக்கைக்காரர் அன்றோடு போனார். இனி அவர் குளச்சலில்தான் தைப்பார், நாளைக்கே அங்கே போய் அந்த டெய்லரிடம் நூலைப் பற்றிச் சொல்லிவிட வேண்டும் என்று நினைத்துக்கொண்டே, ஈரப்பாயைச் சுருட்டிச் சைக்கிளின் பின்னால் வைத்துக் கட்டினேன். கட்டி முடிக்கும்வரை அவள் அண்ணனை ஏசிக்கொண்டிருந்தாள். அவர் ஒவ்வொன்றுக்கும் பதில் சொல்லிக்கொண்டிருந்தார்.